நாலாவது எழுத்து

சிப்பித்தரையில ஒரு பிக்கப் வண்டியோட சேஸிஸ் நம்பர், ஆளுக்கு ஒரு எழுத்தா மனுசங்க உள்ளங்கையில ஏறி உக்காந்த விசயத்தை எங்க ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசல்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, ஆனா ஒருத்தனும் உருப்படியாச் சொல்ல மாட்டான். ஒருத்தன் நெத்தியில எழுதியிருந்துச்சும்பான், இன்னொருத்தன் பச்சை குத்துன மாதிரி தெரிஞ்சுச்சும்பான், அங்க நின்னு தேச்சுப் பார்த்தவன் நான் இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கும்போது இவனுங்க கதைவிடுறதைக் கேட்டா எனக்குப் பத்திக்கிட்டு வரும். அதனால நானே சொல்லுதேன். என் பேரு சங்கரபாகம், ஏஜெண்டு. வண்டி ரோட்டுல ஓட லாயக்குன்னு எஃப்.சி. எடுக்கணும், பேரு மாத்தணும்னா இந்தச் சுத்துவட்டாரத்துல என்னைத் தேடித்தான் வருவாங்க.

வண்டியோட இரும்புச் சட்டத்துல கம்பெனிக்காரன் குத்தி வச்சிருக்கிற நம்பருக்குப் பேருதான் சேஸிஸ் நம்பரு. அதுமேல ஒரு வெள்ளைத்தாளை வச்சுப் பென்சிலைச் சாய்ச்சுப் பிடிச்சு மெதுவாத் தேச்சா எழுத்து அப்படியே தாள்ல எந்திரிச்சு வரும். அதை ஒட்டிக் கொடுத்தாத்தான் பிரேக் இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போடுவாங்க. பார்க்கிறவனுக்கு அது வெறும் நம்பரு. எனக்கு அது ஜாதகம். எந்த ரகம், எவ்வளவு பாரம் தாங்கும், உள்ள என்ன எஞ்சின், எந்த ஊர் ஆலையில பிறந்துச்சு, எந்த வருசம், அந்த வருசத்துல எத்தனாவது பிள்ளை, எல்லாத்தையும் அந்த ஒரு வரியில வச்சிருப்பான். பழைய வண்டின்னா இன்னும் அழகு, ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு முறை, அதை உடைச்சுப் படிக்கிறதுல எனக்கு இருக்கிற ருசி வேற எதுலயும் கிடையாது.

சிப்பித்தரை பிக்கப்போட ஜாதகம் எனக்கு மனப்பாடம். டி, ரெண்டு, அஞ்சு, ஆர், எல், என், ஆறு, சைபர், நாலு, ஒண்ணு, எட்டு. பதினோரு இடம். எந்தக் காலத்துலயோ கப்பல்ல வந்து எறங்குன அமெரிக்கா வண்டி அது, ஸ்டியரிங்கு இடது பக்கம், மூக்கு நீளம், பச்சை நிறம், சக்கரம் இடுப்பளவு. கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவுல கிடக்கிற சிப்பித்தரைக்கு பஸ்சு கிடையாது, மழை பெஞ்சா வேற எந்த வண்டியும் அந்தக் களிமண்ணுல இறங்காது. விடியுமுன்ன பொம்பளைங்களை அளத்துக்கு ஏத்திட்டுப் போறதும், குடிதண்ணி கொண்டு வர்றதும், வலி எடுத்தவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுறதும், மாப்பிள்ளை பொண்ணு ஊர்வலமும், கடைசி ஊர்வலமும் எல்லாம் அந்த வண்டியிலதான். அதுக்குச் சொந்தக்காரரு, டிரைவரு, கிளீனரு எல்லாம் சிவனணைஞ்சான் அண்ணாச்சி. மனுசன் பேச்சு கம்மி, வீம்பு ஜாஸ்தி. பொண்டாட்டி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டுல படுத்ததைவிட வண்டியில படுத்ததுதான் அதிகம்.

அந்தத் தடவை எஃப்.சி.க்கு முன்னாடி நம்பரைத் தேச்சு எடுக்க நான் போனேன். வண்டிக்கு அடியில மல்லாக்கப் படுத்து, முன்சக்கரத்துக்குப் பக்கத்துச் சட்டத்தை மண்ணெண்ணெய் விட்டுத் துடைச்சு, எமரித்தாள் போட்டுத் தேச்சுப் பார்த்தா, அங்க நம்பர் இல்லை. உப்புக் காத்து தின்னுட்டுப் போயிருச்சு. எலும்பாட்டம் வழவழன்னு கிடக்கு இரும்பு.

"அண்ணாச்சி, சோலி முடிஞ்சுது. நம்பர் இல்லேன்னா வண்டி இல்ல. உடைக்கத்தான் கொடுக்கணும்" அப்படின்னேன்.

"சரியாப் பாருடே. உனக்குக் கண்ணு மங்கிருச்சு" அப்படின்னாரு அவரு.

எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். சட்டத்துல தாளை வச்சுத் தேச்சுக் கண்ணு முன்னாடி காட்டுவோம்னு, தாளோட ஓரத்தைப் பிடிச்சுக்கச் சொல்லிப் பேச்சித்தாயைக் கூப்பிட்டேன். உப்பு வாருற பொம்பள, நாப்பது வயசு இருக்கும், வாய்த்துடுக்கு ஜாஸ்தி, ஊருக்கே அவதான் ரேடியோ. அவ குனிஞ்சு கையை விரிச்சுத் தாளை ஏந்திக்கிட்டா. நான் ஆத்திரத்துல தேச்ச தேப்புல பென்சில் சட்டத்தைத் தாண்டி அவ உள்ளங்கை இருந்த இடத்துக்கு ஓடிருச்சு. சட்டத்துமேல இருந்த இடம் வெறும் கறுப்பு. அவ கைமேல இருந்த இடத்துல 'எல்' எந்திரிச்சு நின்னுச்சு. கம்பெனிக்காரன் குத்துன அதே கட்டை எழுத்து, கீழ்க்கோட்டு முனையில அதே சின்ன வெட்டு.

கையைத் திருப்பிப் பார்த்தேன். ஒண்ணும் இல்லை, உப்பு வெடிச்ச வெறும் கை. மறுபடி தாள் வச்சுத் தேச்சேன். 'எல்.' மூணாவது தடவையும் தேச்சேன், 'எல்'தான். பேச்சித்தாய் கேக்கா, "இது என்ன எழுத்து ஏஜெண்டு அண்ணாச்சி?"

"இது வண்டி பிறந்த ஊரு தாயி" அப்படின்னேன்.

அவ கண்ணை மூடிக்கிட்டு மோந்து பார்த்தா, சமையக்கட்டுல என்ன கொதிக்குதுன்னு மோந்து பாக்கிற மாதிரி. "அங்க வாசல்ல வெள்ளை வெள்ளையா விழுதுய்யா. நம்ம உப்பு மாதிரியே குமிஞ்சு கிடக்கு. ஆனா அள்ளுனா தண்ணியாப் போயிருது. அட பாவமே, அந்த ஊர்க்காரங்க எப்படித்தான் வாருவாங்களோ" அப்படின்னா. திருச்செந்தூரைத் தாண்டாத பொம்பள.

அதுக்கப்புறம் ஊரு சும்மா இருக்குமா? அடுப்பை அணைச்சவ பாதி, அணைக்காதவ பாதின்னு எல்லாரும் வந்து கையை நீட்டிட்டாங்க. நான் வண்டி படிக்கட்டுல உக்காந்து ஒவ்வொரு கையாத் தேச்சேன். பொழுது சாயுமுன்ன பென்சில் கட்டையாயிருச்சு, என் கட்டைவிரல் கறுத்துப் போச்சு, ஊர்ல பத்துப் பேரு கையில நம்பர் கிடைச்சிருச்சு. ஒருத்தரும் மயங்கி விழலை, ஒருத்தரும் கற்பூரம் ஏத்தலை. இத்தனை காலம் உப்பும் வேர்வையுமா அந்த வண்டிப் பலகையைப் பிடிச்சுத் தொங்கிட்டுப் போன கைதானே, வண்டி தன் பேரைப் பத்திரமா வேற எங்க கொண்டு வைக்கும்னு அவங்களுக்குத் தோணிருச்சு. "பேங்குல வச்சா உப்பு அரிக்கும்லா" அப்படின்னா பேச்சித்தாய்.

ஆனா அன்னையில இருந்து சிப்பித்தரை பழைய சிப்பித்தரையா இல்ல. வருச எழுத்து 'என்' வந்து உக்காந்தது லூர்தம்மா கையில, அந்தம்மா பிறக்குமுன்ன உள்ள வருசம் அது. அந்த வருசம் எந்தக் கப்பல் எங்க நின்னுச்சு, அரிசி எப்படித் தட்டுப்பாடாச்சு, புயல் எந்தப் பக்கமாக் கரை ஏறுச்சுன்னு கருவாடு காயப்போட்டுக்கிட்டே சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க, கேட்ட கிழவனுங்க வாயைப் பொளந்துட்டானுங்க. கடைசி அஞ்சு நம்பரு வரிசை நம்பரு. அது கிடைச்ச அஞ்சு பேரும் ஒருத்தருக்கொருத்தர் ஒட்டுறவு இல்லாதவங்க, வரப்புச் சண்டைக்காரங்க. அந்த அஞ்சு பேரும் ஒண்ணாக் கூடி உக்காந்துட்டா, ஆலையில இந்த வண்டிக்கு முன்னாடி போன வண்டி செவப்பு, பின்னாடி வந்தது வெள்ளை, ரெண்டுக்கும் நடுவுல நம்ம வண்டி கொஞ்ச நேரம் மணி அடிக்கக் காத்துக்கிட்டு நின்னுச்சுன்னு ஆளுக்கு ஒரு சொல்லாச் சொல்லி முடிப்பாங்க. அதுக்காகவே அந்த அஞ்சு பேரும் சாயங்காலம் ஒண்ணா உக்கார ஆரம்பிச்சுட்டாங்க. சைபர் கிடைச்சவன் மிக்கேலு. ஊரே கேலி பண்ணுச்சு, "உனக்குக் கிடைச்சதும் முட்டைதானால" அப்படின்னு. நான்தான் அதட்டுனேன்: "ஏல, அந்த முட்டை இல்லேன்னா ஆறாயிரத்துச் சொச்சமாவது பிள்ளை ஆயிரும், வண்டியே வேற வண்டி. வாயை மூடிட்டுப் போங்க." அவன் அன்னைக்கு நெஞ்சை நிமித்தி நடந்ததைப் பார்க்கணுமே.

பாரத்துக்குண்டான ரெண்டும் அஞ்சும் ஒரு புருசன் பொண்டாட்டிக்குக் கிடைச்சுச்சு. அதுல முன்னாடி வர்ற ரெண்டு பொண்டாட்டி கையில, பின்னாடி வர்ற அஞ்சு புருசன் கையில. நம்பருக்குப் பதிலா ஆளுங்களையே கொண்டுபோயி இன்ஸ்பெக்டர் முன்னாடி வரிசையா உக்கார வைக்கலாம்னு நான் யோசனை பண்ணி, வண்டியில ஏத்தி உக்கார வச்சுப் பழக்கிப் பார்த்தா, அந்தாளு பொண்டாட்டிக்குப் பிறவு உக்கார மாட்டேன்னுட்டாரு. ஊர்ல மரியாதை என்ன ஆகும்னாரு. "யோவ், நீரு முன்னாடி உக்காந்தா அம்பத்திரெண்டு வரும், அது பத்துச் சக்கர லாரி. பிக்கப்புக்கு எஃப்.சி. எடுக்கப் போயி லாரிக்கு எடுத்துட்டு வரவா?" அப்படின்னு கேட்டேன். அந்தம்மா முந்தானையால வாயைப் பொத்திச் சிரிச்சாங்க. மனுசன் முணுமுணுத்துக்கிட்டே ஒரு இடம் தள்ளி உக்காந்தாரு.

இதையெல்லாம் பார்த்துக்கிட்டுச் சிவனணைஞ்சான் அண்ணாச்சி ஒரு ஓரமா நின்னாரு. கடைசி ஆளா, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, வேட்டியில துடைச்சு, எங்கிட்ட நீட்டுனாரு. அவருக்குச் சந்தேகமே இல்லை. நாலாவது இடம்தான் பாக்கி, அது எஞ்சின் எழுத்து, அவரு வண்டியோட எஞ்சின் வேற யாரு கையில இருக்கும்?

தேச்சேன். கறுப்பு வந்துச்சு. ரேகை வந்துச்சு. எழுத்து வரலை.

"இன்னொரு தடவை" அப்படின்னாரு. தேச்சேன். இடது கையை நீட்டுனாரு, அதையும் தேச்சேன். அவரு அந்தத் தாளை வாங்கி வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்துட்டு, மடிச்சு இடுப்புல செருகிக்கிட்டுப் போயி, வண்டிச் சக்கரத்துல சாஞ்சு உக்காந்துட்டாரு. ஊர்ல பத்துப் பேரைத் தன் ஆளுன்னு சொன்ன வண்டி, தன்னைத் துடைச்சுத் துடைச்சுக் காப்பாத்துன மனுசனை யாரோன்னு சொல்லிருச்சே.

நாலாவது எழுத்து யாரு கையில இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். பேச்சித்தாய்தான் சொன்னா, "சொல்லாம இருந்தா ஆச்சா? வேல்கனி கையிலதான் இருக்கும்."

வேல்கனி அண்ணாச்சி மக, ஒத்த மக. பாவாடை கட்டுன வயசுலயே அந்த வண்டி ஓட்டப் படிச்சவ; அவ ஓட்டுனா உப்புப் பாத்திக்கரை மேட்டுல வண்டி முனகாம ஏறும். சங்குமுனை அருளப்பன்னு ஒரு மீன்பிடிக்கிற பையனைக் கட்டிக்கிறேன்னு வந்து நின்னா. அண்ணாச்சி முடியாதுன்னுட்டாரு, வேற சாதி, வேற வேதம், நான் உசுரோட இருக்கிற வரைக்கும் நடக்காதுன்னாரு. ஒரு நாள் விடியக்காலம் அவ வண்டியை எடுத்துக்கிட்டுத் தானே ஓட்டிட்டுச் சங்குமுனைக்குப் போயிட்டா, போயி வண்டியைக் கழுவித் துடைச்சுக் கோயில் முன்னாடி நிழல்ல நிறுத்திட்டுத்தான் தாலி கட்டிக்கிட்டா. இவரு போலீஸ் ஸ்டேசனுக்குப் போனாரு. வண்டியைக் காணோம்னு சொன்னாரே தவிர மகளைக் காணோம்னு சொல்லலை. வண்டி மட்டும் திரும்பி வந்துச்சு, அந்தப் பேச்சு சங்குமுனை வரைக்கும் போச்சு. அதோட அப்பன் மக உறவு அறுந்துது.

"வண்டி உடைக்கப் போனாலும் போகட்டும், நான் அங்க போக மாட்டேன்" அப்படின்னாரு அண்ணாச்சி.

"அப்ப நாளைக்கு நாங்க அளத்துக்கு நீந்திட்டுப் போறோம்" அப்படின்னா பேச்சித்தாய். மறுநாள் காலையில அண்ணாச்சி சட்டையை மாட்டிக்கிட்டு, "ஏறுடே"ன்னு என்னைக் கூப்பிட்டாரு. புதுப் பென்சிலும் தாளும் எடுத்துக்கிட்டு ஏறுனேன்.

சங்குமுனையில வேல்கனி வீட்டு வாசல்ல ஒரு மீன் லோடு வண்டி நின்னுச்சு. அவதான் ஓட்டுறா. சக்கரம் மாட்டிக்கிட்டு இருந்தவ நிமிந்து பார்த்துட்டு, "வாங்கப்பா" அப்படின்னா, நேத்துப் போயிட்டு இன்னைக்கு வந்தவரைக் கூப்பிடுற மாதிரி. கதவுக்குப் பின்னாடி ஒரு பெண்பிள்ளை எட்டிப் பார்த்துட்டு உள்ள ஓடுச்சு.

இந்த மனுசன் என்ன கேக்கணும்? எப்படி இருக்கேன்னு கேக்கலாம், இது யாரு உம் மகளான்னு கேக்கலாம். "கையைக் காட்டு" அப்படின்னாரு. எனக்குத் தலையில அடிச்சுக்கலாம் போல இருந்துச்சு.

அவ கிரீஸைத் துடைச்சுட்டுக் கையை நீட்டுனா. "சேதி எனக்கும் வந்துச்சுப்பா. ஆனா எனக்கு அதுக்கு முன்னாடியே தெரியும்" அப்படின்னா. "நேத்துக் காலையில பாத்திக்கரை மேட்டுல கியரைக் குறைக்காம ஏத்துனீங்களா?"

அண்ணாச்சி திகைச்சுப் போயிட்டாரு. "ஆமா. உனக்கு எப்படித் தெரியும்?"

"கை நடுங்குமே. நீங்க வண்டியை எடுத்தவுடனே என் உள்ளங்கைக்குள்ள எஞ்சின் ஓட ஆரம்பிச்சிரும். ஆறு சிலிண்டரும் தனித்தனியாத் தெரியும். மீன் கூடையைத் தூக்கும்போதும், பிள்ளைக்குத் தலை சீவும்போதும் ஓடிக்கிட்டேதான் இருக்கும். நீங்க நிறுத்துனா நிக்கும். மழைக்காலத்துல ஒரு வாரம் எடுக்காம இருந்தீங்களே, காய்ச்சலா? எனக்குச் சோறு இறங்கலை."

நான் அந்த இடத்துல நின்னதுக்கு என்ன புண்ணியம் பண்ணுனேன்னு தெரியலை. இவரு தினம் தினம் மகளை மறந்துட்டதா நெனச்சுக்கிட்டுச் சாவியைத் திருப்புனப்பல்லாம் இருபது மைலுக்கு அங்கிட்டு அவ கையைத்தான் தட்டி எழுப்பிக்கிட்டு இருந்திருக்காரு.

"எழுத்துக்குத்தான வந்தீங்க? எடுத்துக்கோங்க" அப்படின்னா வேல்கனி.

அண்ணாச்சி தாளை அவ கையில வச்சாரு. பென்சிலை எடுத்தாரு. ஆனா தேய்க்க மாட்டேங்குறாரு. பென்சில் முனை தாளைத் தொட்டுக்கிட்டு நிக்குது. அப்புறம் பென்சிலைக் கீழ போட்டுட்டாரு. கடக்காத்துல தாள் பறந்து போச்சு. ரெண்டு கையாலயும் மக கையைப் பிடிச்சுக்கிட்டாரு, உள்ளங்கையோட உள்ளங்கையா, அப்படியே. அருளப்பன் டீ கொண்டு வந்து வச்சுட்டுத் திரும்பிப் போயிட்டான். டீ ஆறி ஏடு படிஞ்சு போச்சு. கையை விடலை.

"வண்டி போனாப் போகட்டும்மா" அப்படின்னாரு.

"போகக் கூடாதுப்பா. அத்தனை பொம்பளைங்க அதுலதானே வேலைக்குப் போறாங்க" அப்படின்னா. "ஆனா நான் அங்க வந்து ஒரு எழுத்தா நிக்க மாட்டேன். என்னை யாரும் தேடி வரலையே, எழுத்தைத்தானே தேடி வந்தீங்க. ஒரு நாள் காரியம் எதுவும் இல்லாம வாங்க. அப்பப் பேசுவோம்."

நான் கீழ கிடந்த பென்சிலை எடுத்துக்கிட்டு, "தாயி, நான் வேணும்னா ஒரு தடவை" அப்படின்னு கிட்ட போனேன். அவ கையை மூடிக்கிட்டா. திரும்பி வரும்போது வழியெல்லாம் நான் அவரைத் திட்டிக்கிட்டே வந்தேன். பைத்தியக்கார மனுசனா இருக்கீரே, கைக்கு வந்ததை விட்டுட்டு வர்றீரேன்னேன். அவரு காதுலயே வாங்கலை.

எஃப்.சி. அன்னைக்கு வண்டி மைதானத்துல போயி நின்னுச்சு. பின்னாடி பத்துப் பேரும் வரிசையா உக்காந்திருக்காங்க, மூணாவது இடத்துக்கும் அஞ்சாவது இடத்துக்கும் நடுவுல ஒரு ஆள் உக்காருற இடம் காலியாக் கிடக்கு. பிரேக் இன்ஸ்பெக்டர் தேன்மொழி மேடம் ஈரோட்டுப் பக்கத்துக்காரங்க, சின்ன வயசு, ஆனா படு கறாரு. நான் ஆதியில இருந்து விசயத்தைச் சொன்னேன். கேட்டுக்கிட்டாங்க, கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டாங்க.

"ஏனுங்க, நம்பர் வண்டியில இருக்கோணும்னுதானுங்க விதி. இவங்க வண்டியிலதானே இருக்காங்க? யாரும் கீழ எறங்காதீங்க" அப்படின்னு சொல்லிட்டு, என் பென்சிலை வாங்கிக்கிட்டுத் தானே மேல ஏறிட்டாங்க.

முதல் கையில 'டி' எந்திரிச்சுச்சு. அடுத்து ரெண்டு, அதுக்கடுத்து அஞ்சு. மைதானத்துல நின்ன லாரிக்காரன், ஆட்டோக்காரன், ஆபீஸ் பியூன் எல்லாரும் வந்து சுத்தி நின்னுட்டாங்க. ஒரு சத்தம் இல்லை, பென்சில் தேயுற சத்தம் மட்டும்தான். மேடம் நாலாவது இடத்துக்கு வந்து, காலியாக் கிடந்த பலகையைப் பார்த்துட்டு, எங்கிட்டத் திரும்புனாங்க.

அப்ப அண்ணாச்சி டிரைவர் சீட்டுல இருந்து இறங்கி, பின்னாடி வந்து ஏறி, அந்த இடத்துல உக்காந்தாரு. "அம்மா, இது எம் மக இடம். அவ வரலை. கேக்கிற விதத்துல நான் கேக்கலை, அதனால வரலை. அவ இடம் காலியாக் கிடக்கக் கூடாதுன்னு உக்காந்திருக்கேன். என் கையில ஒண்ணும் கிடையாது. இருந்தாலும் தேச்சுக்கோங்க, இல்லேன்னு எழுதிக்கோங்க" அப்படின்னாரு. ஊர் முன்னாடி அந்த மனுசன் அத்தனை வார்த்தை பேசி நான் பார்த்ததில்ல. பேச்சித்தாய் மூக்கைச் சிந்துனா.

மேடம் தேச்சாங்க. கறுப்பு வந்துச்சு, ரேகை வந்துச்சு. ரேகைக்கு நடுவுல மெல்ல ஒரு கோடு எந்திரிச்சுச்சு. கோட்டுக்கு ஒரு வயிறு, வயித்துக்குக் கீழ ஒரு கால். ஆனா என்னமோ கோணலா இருந்துச்சு. கோடு வலது பக்கம் நிக்குது, வயிறும் காலும் இடது பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கு.

"இது திரும்பி இருக்குதுங்களே" அப்படின்னாங்க மேடம்.

எனக்கு அப்பத்தான் உறைச்சுச்சு. எழுத்து எப்பத் திரும்பி விழும்? இன்னொரு எழுத்துமேல அமுக்கி ஒத்தி எடுத்தாத்தான் விழும். எத்தனையோ வருசமா இந்தத் தொழில்ல கிடக்கிறவன் நான், எனக்குத் தெரியாதா? அன்னைக்கு டீ ஆறுற வரைக்கும் உள்ளங்கையோட உள்ளங்கையா, அந்தக் கையில இருந்து இந்தக் கைக்கு!

மேடம் தாளை எடுத்துத் திருப்பி, வெயிலுக்கு நேராத் தூக்கிப் பிடிச்சாங்க. வெளிச்சம் ஊடுருவுன தாள்ல, பின்பக்கமா, 'ஆர்' நேரா நின்னுச்சு. மைதானத்துல இருந்த அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தாங்க. மிக்கேலு எந்திரிச்சு நின்னு கையெடுத்துக் கும்பிட்டான்.

"யார் கையைப் புடிச்சீங்க?" அப்படின்னு கேட்டாங்க மேடம்.

"எம் மக கையை. வேல்கனி."

"எவ்வளவு நேரம்?"

"விட மனசு வரலம்மா."

மேடம் குனிஞ்சு அஞ்சாவது கையைப் பிடிச்சுத் தேய்க்க ஆரம்பிச்சாங்க. 'எல்', 'என்', ஆறு, சைபர், நாலு, ஒண்ணு, எட்டு. ஆபீஸுக்குள்ள போயி நாலாவது தாளை மட்டும் பின்பக்கம் மேல வர்ற மாதிரித் திருப்பி ஒட்டுனாங்க. கையெழுத்துப் போட்டாங்க. வண்டி பிழைச்சிருச்சு.

பத்துப் பேரும் கூச்சல் போட்டுக்கிட்டு, ஒருத்தரையொருத்தர் கட்டிப்பிடிச்சுக்கிட்டு, ரெண்டும் அஞ்சும் கிடைச்ச அந்தப் புருசன் பொண்டாட்டிகூட ஒரு வார்த்தை பேசிக்கிட்டு வண்டியில உக்காந்திருந்தாங்க. எனக்கு ஆபீஸ்ல ஆயிரம் சோலி கிடக்கு, இருந்தாலும் நானும் ஏறிக்கிட்டேன். முக்கு ரோடு வந்துச்சு. வலது பக்கம் திரும்புனா சிப்பித்தரை. அண்ணாச்சி இடது கையை வெளிய நீட்டிச் சைகை காட்டிட்டு, கடக்கரை ரோட்டுல வண்டியைத் திருப்புனாரு. எங்க போறோம்னு ஒருத்தரும் கேக்கலை.

கொஞ்ச தூரம் போனதும் பேச்சித்தாய்தான் கூரையைத் தட்டுனா. "அண்ணாச்சி, வண்டியை நிறுத்துங்க! மக வீட்டுக்கு ஒண்ணும் வாங்காமப் போறதா? ஊரு என்ன பேசும்?"

ரோட்டோரப் பழக்கடை முன்னாடி வண்டி நின்னுச்சு. அண்ணாச்சி இறங்கிப் போயி, தொங்குற குலையையும், அடுக்கியிருந்த ஆரஞ்சையும், கண்ணாடி டப்பாவுல இருந்த மிட்டாயையும் மாறி மாறிப் பார்த்துக்கிட்டே நின்னாரு. கடைக்காரன் என்ன வேணும்னு கேட்டான். அவரு எங்க பக்கம் திரும்பி, "பேத்திக்கு என்ன பிடிக்கும்னு எனக்குத் தெரியாதே" அப்படின்னாரு.

பத்துப் பேரும் இறங்கிட்டாங்க. மிட்டாய் வாங்குங்கன்னாங்க லூர்தம்மா, சளி பிடிக்கும் பழம் வாங்குங்கன்னா பேச்சித்தாய், பொம்மை வாங்கலாமேன்னான் மிக்கேலு. எல்லாத்தையும் அவரு தலையாட்டித் தலையாட்டிக் கேட்டுக்கிட்டாரு. கடைசியில எதையும் விடாம எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் கட்டச் சொன்னாரு.